ஒரே அரசனின் இரு கடற்கோட்டைகள்: ஹெல்சிங்கோரும் தரங்கம்பாடியும்

1618-இல் டென்மார்க்கிலிருந்து ஆசியாவை நோக்கிச் சில கப்பல்கள் புறப்பட்டன. அவற்றுக்கு முன்னோடியாக அனுப்பப்பட்ட கப்பலின் பெயர் 'ஓரெசுன்ட்'. டென்மார்க்கையும் ஸ்வீடனையும் பிரிக்கும் நீரிணையின் பெயரைத்தான் அதற்குச் சூட்டியிருந்தார்கள். அடுத்த ஆண்டு காரைக்காலை ஒட்டிய கடலில் போர்த்துக்கீசியர் அதை மூழ்கடித்தனர். உயிர் தப்பிக் கரையேறிய சிலரில் கப்பலின் தலைவர் ரோலண்ட் கிராப்பேயும் ஒருவர். தஞ்சை நாயக்கரின் அவைக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவர், அங்கே வணிகத்துக்கு வழி பேசினார். 1620 நவம்பரில் இரகுநாத நாயக்கருக்கும் டேனிஷ் கப்பல் தொகுதியின் தலைவர் ஓவே ஜெட்டேவுக்கும் உடன்படிக்கை ஆயிற்று. தரங்கம்பாடியில் டேன்ஸ்போர்க் கோட்டை எழுந்தது.

ஓரெசுன்ட் நீரிணை மிகக் குறுகும் இடத்தில், ஹெல்சிங்கோர் என்னும் சிறு துறைமுக ஊரின் முனையில், குரோன்போர்க் கோட்டை நிற்கிறது. கோபன்ஹேகனிலிருந்து தமிழகக் கடற்கரைக்கு வந்த கப்பல்கள் அதன் பீரங்கிகளுக்கு முன்னால் கடந்துதான் வெளிக்கடலுக்குப் போயின. டேன்ஸ்போர்க் கட்டப்பட்டபோது இரண்டு கோட்டைகளுக்கும் அரசர் ஒருவரே: நான்காம் கிறிஸ்டியன்.

ஒரே கொடியின்கீழ் இருந்த இவ்விரு கடற்கோட்டைகளையும் ஒப்பிட வேறு காரணமும் உண்டு. குரோன்போர்க் போகிற கப்பலை நிறுத்திப் பணம் வாங்கிய கோட்டை. டேன்ஸ்போர்க் வருகிற கப்பலுக்காகக் காத்திருந்த கோட்டை. கட்டடத்தின் உயரம், அறைகளின் பகட்டு, அரசன் காட்டிய அக்கறை, இன்று ஊருக்குக் கிடைத்திருக்கும் வாழ்வு ஆகிய அனைத்திலும் தெரியும் வேற்றுமை இந்த ஓர் இடத்திலிருந்துதான் தொடங்குகிறது.

கடல் தந்ததும் தராததும்

ஹெல்சிங்கோருக்கு இயற்கை தந்த வரம் அதன் எதிர்க்கரை. ஸ்வீடனின் ஹெல்சிங்போர்க் நகரம் ஏறக்குறைய 4 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வானம் தெளிந்த நாளில் அங்குள்ள கட்டடங்களை வெறுங்கண்ணால் எண்ணலாம். பால்டிக் கடலிலிருந்து தானியமும் மரமும் தாரும் சணலும் ஏற்றிக்கொண்டு மேற்கு ஐரோப்பாவுக்குப் போகும் கப்பல்களில் பெரும்பாலானவை இந்த இடுக்கு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. இருகரையும் அப்போது டேனிஷ் அரசுக்குச் சொந்தம். மன்னர் எரிக் 1420-களில் இங்கே 'குரோகன்' என்ற கோட்டையைக் கட்டி, 1429 முதல் கடந்துபோகும் கப்பல்களிடம் சுங்கம் வாங்கத் தொடங்கினார்.

தரங்கம்பாடியின் கடல் வேறு வகை. இடுக்கும் இல்லை, வளைகுடாவும் இல்லை. திறந்த வங்கக் கடல். டேனிஷ் கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நின்றன. சரக்கையும் ஆட்களையும் அலைகளைத் தாண்டிக் கரை சேர்த்தவை, ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய மசூலா படகுகள். அவற்றைச் செலுத்தியவர்கள் இந்தக் கரையின் மக்கள். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கப்பல்களை இங்கே நிறுத்தி வைப்பதே ஆபத்து. கோபன்ஹேகனில் எழுதப்பட்ட எந்தக் கணக்கும் இந்த அலைகளைத் தாண்டிய பிறகுதான் காசாக மாறியது.

ஆகவே, ஹெல்சிங்கோரில் கடலின் அமைப்பே அரசனுக்கு வேலை செய்தது. தரங்கம்பாடியில் கடலை வெல்ல உள்ளூர் மக்களின் திறன் தேவைப்பட்டது. டேனிஷ் தரங்கம்பாடியின் வரலாற்றைப் பேசுகிறவர்கள் ஆளுநர்களின் பெயர்களை அடுக்குகிறார்கள்; அந்தப் படகோட்டிகள் இல்லாவிட்டால் ஒரு மூட்டை துணிகூடக் கப்பலேறியிருக்காது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

சுங்கமும் குத்தகையும்

குரோன்போர்க்கின் செல்வம் எப்படிச் சேர்ந்தது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் கப்பலுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. 1567-இல் இரண்டாம் பிரடெரிக் முறையை மாற்றி, சரக்கின் மதிப்பைப் பார்த்து வரி விதித்தார். மதிப்பைக் கப்பல் தலைவனே சொல்லலாம். குறைத்துச் சொன்னால் என்ன செய்வது? அதற்கும் வழி இருந்தது: சொன்ன விலைக்கே சரக்கு முழுவதையும் வாங்கிக்கொள்ளும் உரிமை அரசனுக்கு உண்டு. குறைத்துச் சொன்னால் சரக்கு போகும். கூட்டிச் சொன்னால் வரி கூடும். உண்மையைச் சொல்வதைத் தவிர வணிகனுக்கு வேறு வழியில்லை. மூட்டைகளைப் பிரித்துப் பார்க்க ஆயிரம் அதிகாரிகள் செய்திருக்க வேண்டிய வேலையை இந்த ஒரே விதி செய்தது. ஒரு காலத்தில் டேனிஷ் அரசின் வருவாயில் மூன்றில் இரண்டு பங்குவரை இந்தச் சுங்கமே தந்தது என்பர். அந்தப் பணம் நேரே அரசனின் கைக்குப் போனதால், பிரபுக்களின் சபையைக் கேட்காமல் செலவழிக்கவும் முடிந்தது.

தரங்கம்பாடியில் நிலை தலைகீழ். இங்கே டேனியர் பணம் வாங்குகிறவர்களாக வரவில்லை; தஞ்சை அரசுக்கு ஆண்டுதோறும் குத்தகை கொடுக்கிறவர்களாக வந்தார்கள். இரகுநாத நாயக்கர் டேனிஷ் அரசருக்குத் தங்க ஏட்டில் பொறித்து அனுப்பிய கடிதம் இன்றும் டென்மார்க்கின் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. நாயக்கருக்கு இதில் ஒரு கணக்கு இருந்தது. நாகப்பட்டினத்தில் வேரூன்றிய போர்த்துக்கீசியரை மட்டுமே நம்பியிராமல், கடல் வணிகத்துக்கு இன்னொரு கையும் வேண்டும் என்று அவர் நினைத்தார். இருந்தவர் இடம் கொடுத்தார். வந்தவர் வாடகை கொடுத்தார். கொள்ளையடித்துப் பிடித்த இடம் என்றோ, படையெடுத்து வென்ற இடம் என்றோ தரங்கம்பாடியைச் சொல்ல முடியாது.

வணிகத்தின் சரடும் நீளமானது. இந்தக் கரையில் நெய்த பருத்தித் துணியை வாங்கி, தென்கிழக்காசியத் தீவுகளுக்குக் கொண்டுபோய், அங்கே மிளகும் கிராம்பும் மாற்றி, அதை ஐரோப்பாவுக்கு அனுப்ப வேண்டும். ஒரு கப்பல் மூழ்கினாலும் சரடு அறுந்துவிடும். அன்றாடச் செலவுக்கு டேனியர் இங்கேயே ஈயத்தில் காசு வார்த்தார்கள். டேனிஷ் அரசர்களின் பெயர்ச் சுருக்கம் பொறித்த அந்தச் சிறு காசுகள் சோழமண்டலக் கடைவீதிகளில் புழங்கின.

கல்லும் செங்கல்லும்

பணம் எங்கே இருந்தது என்பதைக் கட்டடங்களே சொல்கின்றன. இரண்டாம் பிரடெரிக் 1574 முதல் 1585 வரை பழைய குரோகனை மறுமலர்ச்சிக் கால அரண்மனையாக மாற்றி, 'குரோன்போர்க்' என்று புதுப்பெயரும் சூட்டினார். நான்கு சிறகுகள், நடுவே முற்றம், மணற்கல் போர்த்திய சுவர், செம்பு வேய்ந்து இன்று பச்சை பாரித்திருக்கும் கூரை, வானைக் குத்தும் கோபுரங்கள். உள்ளே 62 மீட்டர் நீளமுள்ள நடன மண்டபம். டேனிஷ் அரசர்கள் நூறு பேரின் உருவங்களை நெய்த திரைச்சீலைகள் அங்கே தொங்கின. அவற்றில் எஞ்சிய சில இன்றும் கோட்டையில் காணக் கிடைக்கின்றன. கடந்துபோகும் கப்பல் ஒவ்வொன்றும் பாயைத் தாழ்த்தி இந்தக் கோட்டைக்கு வணக்கம் சொல்ல வேண்டும் என்பது விதி. வரி கட்டப்போகிறவன் கண்ணில் முதலில் படுவது இந்த மாளிகையாக இருக்க வேண்டும் என்று நினைத்துத்தான் கட்டியிருக்கிறார்கள்.

டேன்ஸ்போர்க் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்தது. மதிலும் மூலைக் கொத்தளங்களும், கடலைப் பார்த்த முற்றமும், இரண்டடுக்கில் ஒரு முதன்மைக் கட்டடமும் உண்டு. கீழ்த்தளத்தில் சரக்கறை, சமையலறை, வெடிமருந்து அறை, சிறை. மேல்தளத்தில் ஆளுநர், பாதிரியார், வணிகர்கள் தங்கும் அறைகளும் வழிபாட்டு இடமும். கீழே மிளகும் துணியும், மேலே மனிதர்களும் என்று வாழ்ந்த கட்டடம் இது. அரண்மனை என்பதைவிட, மதில் சூழ்ந்த பண்டகசாலை என்று சொல்வதே பொருந்தும்.

ஆனால் பார்க்கிறவருக்கு இங்கே வேறோர் இன்பம் காத்திருக்கிறது. மேல்தளத்துக் கூடத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஒட்டகத் திமில்போல வளைந்த குவிமாடங்களின் பாரம் நடுத்தூண் ஒன்றின் தலையில் வந்து இறங்குகிறது. தடித்த சுவர், கடற்பக்கம் திறந்த சன்னல். வெளியே சித்திரை வெயில் கொளுத்தும்போதும் உள்ளே காற்று ஓடிக்கொண்டே இருக்கும். வடக்கு ஐரோப்பாவின் திட்டமும் சோழமண்டலக் கொத்தனாரின் சுண்ணாம்புக் கலவையும் கைகோத்த கட்டடம் என்பது அந்த நிழலில் நிற்கும்போது விளங்கும். குரோன்போர்க்கின் பெரிய மண்டபங்கள் பார்ப்பவரை வியக்க வைக்கின்றன. டேன்ஸ்போர்க்கின் சிறிய கூடம் உட்காரச் சொல்கிறது.

அரசனின் கவனம் எங்கே போயிற்று

1629-இல் குரோன்போர்க் தீப்பற்றி எரிந்தது. தேவாலயம் தவிரப் பெரும்பகுதி பாழாயிற்று. முப்பதாண்டுப் போரில் தலையிட்டுத் தோற்று, கருவூலம் காலியாகி நின்ற நேரம் அது. அப்படியிருந்தும் நான்காம் கிறிஸ்டியன் 1631-இலேயே சீரமைப்பு வேலையைத் தொடங்க வைத்தார். 1639-க்குள் கோட்டையின் வெளித்தோற்றம் பழைய பொலிவைப் பெற்றுவிட்டது.

அதே அரசரின் ஆட்சியிலும் அதற்குப் பிறகும் தரங்கம்பாடி என்ன ஆயிற்று? கப்பல்கள் குறைந்தன; பிறகு அறவே நின்றன. 1640-களுக்குப் பின் 1669 வரை டென்மார்க்கிலிருந்து உதவி வரவில்லை. அங்கிருந்த டேனியர் ஒவ்வொருவராக இறந்தார்கள். கடைசியில் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே என்ற எளிய பின்னணி கொண்ட ஒரே டேனியர் மிஞ்சினார். உள்ளூர் ஆட்களைச் சேர்த்துக்கொண்டு கோட்டையை விடாமல் பிடித்து நின்றார். ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669-இல் ஒருவழியாக டேனிஷ் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி பறந்துகொண்டுதான் இருந்தது.

கவனிக்க வேண்டிய செய்தி இது. வருமானம் தந்த கோட்டையை அரசன் காலியான கருவூலத்திலிருந்தும் காப்பாற்றினான். வருமானம் தராத கோட்டையை அரசன் கைவிட்டபோது, ஒரு தனிமனிதனும் அவனோடு நின்ற தமிழ்நாட்டுக் காவலரும் காப்பாற்றினார்கள். என் கணிப்பில், டேன்ஸ்போர்க் வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி அந்த ஆதரவற்ற ஆண்டுகள்தாம். கோட்டையைப் பார்க்க வருகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டிய கதையும் அதுவே.

பாதுகாப்பு என்ற அளவில் மட்டும் பார்த்தால் குரோன்போர்க்குக்கும் பெருமைப்பட அதிகமில்லை. 1658-இல் ஸ்வீடன் படை அதை முற்றுகையிட்டுக் கைப்பற்றியது. அதே ஆண்டு எதிர்க்கரையும் ஸ்வீடனுக்குப் போய்விட்டது. கோட்டை பின்னர் திரும்பக் கிடைத்தது, கரை கிடைக்கவில்லை. டேன்ஸ்போர்க் நெப்போலியப் போர்க் காலத்தில் இரண்டு முறை பிரிட்டிஷார் வசமாகித் திரும்பி வந்தது: 1801-இல் ஒருமுறை, 1808 முதல் 1815 வரை மறுமுறை.

இரண்டு கைதிகள்

இரு கோட்டைகளும் சிறையாக இருந்தவை. இரண்டிலும் நினைவில் நிற்கும் கைதி ஒருவர் உண்டு.

டென்மார்க்குக்கும் நார்வேக்கும் அரசரான ஏழாம் கிறிஸ்டியனின் மனைவி கரோலின் மட்டில்டா, இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜின் தங்கை. அரச மருத்துவர் ஸ்ட்ரூயன்சேயோடு கொண்ட உறவுக்காக 1772 சனவரியில் கைதாகி குரோன்போர்க்கில் வைக்கப்பட்டார். மருத்துவர் தலை வெட்டப்பட்டார். அரசியை மே மாத இறுதியில் பிரிட்டிஷ் கப்பல்கள் வந்து அழைத்துப் போயின. மூன்றாண்டில், 23 வயதில், ஜெர்மனியின் செல்லே நகரில் அவர் இறந்துபோனார்.

டேன்ஸ்போர்க்கின் கைதி பர்த்தலோமேயு சீகன்பால்க். 1706 சூலை 9-இல் சக பாதிரியார் புளூட்ச்சாவோடு தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மானியப் பாதிரியார். அனுப்பி வைத்தவர் டேனிஷ் மன்னர். அடைத்து வைத்தவர் டேனிஷ் ஆளுநர் ஹாசியுஸ். எளிய மக்களின் வழக்கில் பாதிரியார் தலையிட்டது ஆளுநருக்குப் பிடிக்கவில்லை. 1708 இறுதியில் தொடங்கி நான்கு மாதம் அளவுக்கு அவர் கோட்டைச் சிறையில் இருந்தார்.

குரோன்போர்க்கின் கைதி, அரண்மனைப் பூசலில் வீழ்ந்த அரசி. டேன்ஸ்போர்க்கின் கைதி, ஊர் மக்கள் பக்கம் நின்றதற்காக வீழ்த்தப்பட்டவர். முன்னது அரச குடும்பத்தின் துயரக் கதை. பின்னது அதிகாரத்துக்கும் மனச்சான்றுக்கும் நடந்த மோதல். அதனால் ஊருக்கும் உரியது.

நாடகமும் அச்சும்

குரோன்போர்க்கை உலகமே அறிந்ததற்குக் காரணம் சுங்கமும் அல்ல, போரும் அல்ல, ஷேக்ஸ்பியரின் 'ஹேம்லெட்'. நாடகத்தில் வரும் எல்சினோர் இந்த ஹெல்சிங்கோர்தான். ஷேக்ஸ்பியர் இங்கே வந்ததற்குச் சான்று இல்லை. ஆனால் பின்னாளில் அவருடைய நாடகக் குழுவில் சேர்ந்த வில்லியம் கெம்ப் முதலிய நடிகர்கள் 1586-இல் டேனிஷ் அரசவையில் பணியாற்றினார்கள். 1816-இல் ஷேக்ஸ்பியர் மறைந்த இருநூறாம் ஆண்டில் கோட்டைப் படைவீரர்களே 'ஹேம்லெட்'டை நடித்தனர். 1937-இல் லாரன்ஸ் ஒலிவியரும் விவியன் லீயும் முற்றத்தில் நடிக்க வந்தபோது மழை பிடித்துக்கொண்டது. நாடகத்தை அருகிலிருந்த விடுதிக் கூடத்துக்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து அங்கே 'ஹேம்லெட்' அரங்கேற்றம் ஒரு மரபாகவே வளர்ந்துவிட்டது.

தரங்கம்பாடியைப் பற்றி அப்படிப் புகழ்பெற்ற நாடகம் இல்லை. ஆனால் எழுத்துலகில் இந்த ஊர் செய்தது அதைவிடப் பெரிது. தமிழ் எழுத்து அச்சேறியது 1578-இல் கொல்லத்தில் என்றாலும், தொடர்ந்து இயங்கிய அச்சகமாகத் தமிழ் வேரூன்றியது தரங்கம்பாடியில்தான். 1712-இல் லண்டனிலிருந்து அச்சுப்பொறி வந்தது. ஜெர்மனியின் ஹால்லே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் மறு ஆண்டு வந்து சேர்ந்தன. எழுத்துகள் அளவில் பெரியவை, தாளை விழுங்கின. ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்க்கத் தொடங்கினார்கள். தாள் பற்றாக்குறைக்குப் பக்கத்துப் பொறையாரில் காகித ஆலை வைத்தார்கள். 1715-க்குள் புதிய ஏற்பாடு முழுவதும் தமிழில் அச்சாகி வெளிவந்தது. எழுத்து வார்ப்பு, காகிதம், அச்சு, நூற்கட்டு என ஒரு நூலுக்குத் தேவையான தொழில்கள் இந்தச் சிறு கடற்கரையில் ஒன்றுகூடின.

ஒரு கோட்டை தன்னைப் பற்றி வேறொருவர் எழுதிய நாடகத்தால் வாழ்கிறது. மற்றொரு கோட்டையின் நிழலில் ஒரு மொழியின் அச்சுத் தொழிலே வளர்ந்தது. புகழில் குரோன்போர்க் முந்துகிறது. பங்களிப்பில் தரங்கம்பாடி முந்துகிறது. இதைச் சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

பன்னிரண்டு ஆண்டு இடைவெளியில் இரு முடிவுகள்

1845-இல் டென்மார்க் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்குப் பிரிட்டிஷ் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றது. 225 ஆண்டு உறவு முடிந்தது. 1857-இல் ஓரெசுன்ட் சுங்கமும் ஒழிந்தது. கடல் பொதுவழி என்ற கொள்கையின்முன் அது நிற்கவில்லை. கப்பல் விடும் நாடுகள் டென்மார்க்குக்கு ஒரு தொகையை இழப்பீடாகக் கொடுத்து வழியைத் திறந்துகொண்டன. பன்னிரண்டு ஆண்டுக்குள் இரு ஊர்களும் பழைய பிழைப்பை இழந்தன.

அதன்பின் நடந்தவைதான் இன்றைய வேற்றுமைக்குக் காரணம். ஹெல்சிங்கோருக்கு 1864-இல் ரயில் வந்தது. 1882-இல் கப்பல் கட்டும் தளம் எழுந்து, நூறாண்டு ஊருக்குச் சோறு போட்டது. எதிர்க்கரைக்குப் படகுப் போக்குவரத்து நிற்கவே இல்லை. தரங்கம்பாடி சில ஆண்டுகள் ஆட்சியரின் இருப்பிடமாக இருந்தது. 1861-இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் வணிகம் அங்கே நகர்ந்தது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-இல் வந்த மீட்டர் கேஜ் ரயில் பாதையும் 1986-இல் மூடப்பட்டது.

இன்று போனால்

கோபன்ஹேகனில் ரயிலேறினால் முக்கால் மணி நேரத்தில் ஹெல்சிங்கோர். நிலையத்தை விட்டு வெளியே வந்தால் எதிரே துறைமுகம். இருபது நிமிடத்தில் ஸ்வீடன் சேர்க்கும் படகுகள் வந்துபோகின்றன. நீரோரமாக நடந்தே கோட்டையை அடையலாம். கோட்டையின் அடியில் இருண்ட நிலவறைகள் இருக்கின்றன. விளக்கு கொண்டுபோனால் நல்லது. அங்கே ஹோல்கர் டான்ஸ்கே என்ற பழங்கதை வீரனின் பெருஞ்சிலை. தாடி மார்பில் வழிய, வாள் மடிமீது கிடக்க, கைகளைக் கட்டிக்கொண்டு தூங்குகிறான். நாட்டுக்கு ஆபத்து வந்தால் எழுந்து வருவான் என்பது டேனியர் நம்பிக்கை. நாஜிகள் டென்மார்க்கைப் பிடித்திருந்த காலத்தில் எதிர்ப்புப் போராளிக் குழு ஒன்று இவன் பெயரையே வைத்துக்கொண்டது. அருகே குனிந்து வரும் குழந்தைகளிடம் பெற்றோர் இந்தக் கதையைத் தாழ்ந்த குரலில் சொல்வதைக் கேட்கலாம்.

கப்பல் தளம் 1983-இல் மூடப்பட்டது. ஊர் அதை இடித்துத் தள்ளவில்லை. பட்டறைகள் 2010-இல் நூலகமும் அரங்கமும் கொண்ட பண்பாட்டு மையமாயின. கப்பல் பழுதுபார்த்த உலர்துறைப் பள்ளத்தைச் சுற்றி, தரைமட்டத்துக்குக் கீழே, 2013-இல் கடல்சார் அருங்காட்சியகம் திறந்தது. வடிவமைத்தது கட்டடக் கலைஞர் பியார்க்கே இங்கெல்ஸின் நிறுவனம். கோட்டையின் காட்சியை மறைக்கும் எதுவும் தரைக்கு மேலே எழக்கூடாது என்பது நிபந்தனை. அந்தத் தடையையே நல்வாய்ப்பாக்கி, பள்ளத்தை வெறுமையாக விட்டு, அதன் சுவர்களுக்கு வெளியே கூடங்களை அமைத்தார்கள். 2000-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமான கோட்டையும், தொழிலாளர் உழைத்த கப்பல் தளமும், பயன்பாட்டில் இருக்கும் துறைமுகமும் இப்படி ஒரே நடையில் பார்க்கக் கிடைக்கின்றன. போவதற்கு ஏற்ற காலம் மே முதல் செப்டம்பர் வரை. டிசம்பரில் மாலை நான்கு மணிக்குள் இருட்டிவிடும்.

தரங்கம்பாடிக்கு ரயில் இல்லை. மயிலாடுதுறையிலிருந்து பேருந்தில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர்; காரைக்காலிலிருந்து இன்னும் பக்கம். 1792-இல் திரும்பக் கட்டிய நகர வாயிலில் டேனிஷ் அரச முத்திரை வரவேற்கிறது. அப்போது அரியணையில் இருந்தவர், குரோன்போர்க்கில் அடைபட்ட கரோலினின் கணவரான அதே ஏழாம் கிறிஸ்டியன். ராஜவீதியில் நடந்தால் 1701-இன் சீயோன் தேவாலயம், சீகன்பால்க் கட்டி 1718-இல் திறந்து, அவரே அடக்கமாகியிருக்கும் புதிய எருசலேம் தேவாலயம், பழைய ஆளுநர் மாளிகை, பிறகு திடலுக்கு அப்பால் கோட்டை. பயணியர் விடுதியாகக் கிடந்த கோட்டை 1978-இல் தமிழகத் தொல்லியல் துறையிடம் வந்து அருங்காட்சியகமானது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கிலிருந்து உதவியும் ஆர்வலர்களும் வந்து சீரமைத்தார்கள். கடலோரத்தில் 1306-ஆம் ஆண்டைச் சேர்ந்த மாசிலாமணிநாதர் கோயில் நிற்கிறது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது. டேனியர் வருவதற்கு முந்நூறு ஆண்டுக்கு முன்பே இது துறைமுக ஊர் என்பதற்கு அந்தக் கோயிலே சாட்சி.

கடலரிப்பு தரங்கம்பாடிக்கு ஓயாத பகை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் இந்த ஊர் நூற்றுக்கணக்கான உயிர்களைப் பறிகொடுத்தது. கருங்கல் தடுப்பு கரையைக் காக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் தட்டாரத் தெருவின் பழைய திண்ணை வீடுகளை இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பு பழுதுபார்த்தது. சீரமைப்பு என்றால் ஐரோப்பியர் கட்டியவற்றுக்கு மட்டும் என்ற பழக்கத்தை மாற்றிய நல்ல வேலை அது. தை முதல் பங்குனி வரை இங்கே போக இதமான காலம்.

ஒப்பிட்டதில் தேறுவது

அதிகாரம் எப்படி ஒரு நீரிணையைக் கருவூலமாக்கியது என்று அறிய விரும்புகிறவர் குரோன்போர்க்குக்குப் போக வேண்டும். இரு வேறு நாட்டு மக்கள் ஒரே கரையில் பேசி, வாடகை கொடுத்து, சிறை வைத்து, நூல் அச்சிட்டு, கலந்து வாழ்ந்ததைக் காண விரும்புகிறவர் தரங்கம்பாடிக்கு வர வேண்டும். கட்டடத்தின் பிரம்மாண்டத்தில் முதலாவது மேல். மனித வரலாற்றின் செறிவில் இரண்டாவது சற்றும் குறைந்ததன்று.

ஹெல்சிங்கோரிடம் நாம் கற்க வேண்டியது கோபுரத்தின் உயரத்தை அல்ல. கோட்டையை ஊரிலிருந்து பிரிக்காமல், கப்பல் தளத்துத் தொழிலாளியின் கதையையும் அரசனின் கதையோடு சேர்த்துச் சொல்லும் பழக்கத்தைத்தான். தரங்கம்பாடியிலும் மசூலா படகோட்டிகள், கொங்ஸ்பாக்கேயோடு நின்ற காவலர், எழுத்து வார்த்த தொழிலாளர், ஆழிப்பேரலைக்குப் பின் மீண்டும் கடலுக்குப் போன மீனவர் எல்லோரும் கோட்டைக் கதைக்குள் வர வேண்டும். ஊர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தமிழில் சொல்லும் வழிகாட்டிகளாக்கினால் அது நடக்கும். மயிலாடுதுறை மாவட்டப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களை இங்கே அழைத்து வந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திருக்கடையூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிற வழியில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்திக் கோட்டை வாசலில் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களே அதிகம். அடுத்த முறை ஒரு முழுப் பகலை தரங்கம்பாடிக்கு ஒதுக்குங்கள். நகர வாயிலில் தொடங்கி, தேவாலயங்களையும் தட்டாரத் தெருவையும் கோட்டையையும் பார்த்து, மாசிலாமணிநாதர் கோயிலில் முடியுங்கள். எல்லாம் நடந்தே போகும் தொலைவில்தான் இருக்கின்றன.